கூரையில் ஓட்டை போடும் முன்: வீடாக மாறும் பேருந்துக்குள் காற்று எப்படிப் போய் வருகிறது

பழைய பள்ளிப் பேருந்தையோ சுற்றுலாப் பேருந்தையோ வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, கட்டிலும் அடுப்பும் வைத்து வீடாக மாற்றுகிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் அண்ணாந்து கூரையைப் பார்க்கிறார்கள். அங்கே ஏற்கெனவே ஒன்றோ இரண்டோ மூடிகள் இருக்கும். அவற்றை என்ன செய்வது? தகடு வைத்து அடைத்துவிடு என்பார் ஒருவர். அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்திலேயே ஃபேன் வை என்பார் இன்னொருவர். அதைத் தொடாதே, புதிதாக இரண்டு ஓட்டை போடு என்பார் மூன்றாமவர்.

மூவரும் தங்கள் வண்டியில் பட்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் மூவரும் மூடியோடு கூடிய கூரைத் திறப்பைக் குறிக்கும் ‘ஹேட்ச்’ என்ற ஒரே சொல்லை வெவ்வேறு பொருள்களுக்குப் பயன்படுத்துகிறார்கள். கூரையில் எத்தனை ஓட்டை வேண்டும் என்ற கேள்விக்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி வேறொன்று இருக்கிறது: காற்று எந்த வழியாக உள்ளே வரப் போகிறது?

கூரையில் இருக்கக்கூடிய திறப்புகள்

1. அவசரகால ஹேட்ச். பேருந்து தயாராகும்போதே வருவது. ஓர் ஆள் புகுந்து வெளியேறும் அளவு இருக்கும். பள்ளிப் பேருந்துகளில் ஏறக்குறைய 60 செ.மீ. சதுரம். உள்ளிருந்து கைப்பிடியைத் திருகித் தள்ளினால் முழுதாகத் திறந்துகொள்ளும். பலவற்றில் முன் ஓரத்தையோ பின் ஓரத்தையோ மட்டும் சில அங்குலம் தூக்கி வைக்கும் வசதியும் உண்டு. காற்றோட்டத்துக்கு அந்த இடைவெளிதான்.

2. ஃபேன் திறப்பு. மோட்டார்ஹோம்களுக்கென்று செய்யப்படும் கூரை ஃபேன்கள் பெரும்பாலும் 14 அங்குலச் சதுரத்தில், அதாவது 356 மி.மீ. திறப்பில் உட்காரும். ஐரோப்பிய வண்டிகளில் 400 மி.மீ. சதுரம் பரவலாக உண்டு. அமெரிக்கச் சந்தையில் கூரை ஏசிகளும் இதே 14 அங்குலத் திறப்புக்குத்தான் செய்யப்படுகின்றன. இன்று ஃபேனுக்கு வெட்டிய இடத்தில் நாளை ஏசி வைக்கலாம். வெட்டும் இடத்தை முடிவு செய்யும்போது இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

3. வெளிச்சத்துக்கான கூரை ஜன்னல். இரட்டை அக்ரிலிக் மூடியோடு, 700 × 500 மி.மீ. போன்ற அளவுகளில் வருவது. மூடியிருந்தாலும் சட்டத்தைச் சுற்றி மெல்லிய காற்று இடைவெளி உள்ள மாதிரிகள் இருக்கின்றன. அந்த இடைவெளி குறை அல்ல, வேண்டுமென்றே விடப்பட்டது. குளிர்கிறது என்று டேப் போட்டு ஒட்டிவிடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஹேட்ச் முதலில் ஒரு வாசல்

பேருந்துக் கூரையில் ஆள் நுழையும் அளவுக்கு மூடி வைத்ததன் காரணம் காற்று அல்ல. பேருந்து பக்கவாட்டில் சாய்ந்து கிடப்பதாக நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கத்து ஜன்னல்கள் தரையோடு நசுங்கியிருக்கும். மறுபக்கத்து ஜன்னல்கள் தலைக்கு மேலே வானத்தைப் பார்த்திருக்கும். வாசல் எந்தப் பக்கம் விழுந்ததோ அதைப் பொறுத்து அது பயன்படலாம், படாமலும் போகலாம். அப்போது கூரை செங்குத்துச் சுவராக நிற்கும். கூரையில் இருந்த ஹேட்ச் இடுப்பு உயரத்தில் ஒரு சின்ன வாசலாக இருக்கும். அமெரிக்காவின் எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 217 என்ற பாதுகாப்பு விதியும், ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 107ஆம் விதியும் பேருந்துகளின் அவசர வழிகளில் கூரையையும் சேர்த்தது இதனால்தான்.

வீடாக மாற்றிய பிறகு வண்டியில் இரண்டு பேர் மட்டும் இருக்கலாம். ஆனால் வண்டி சாயும் விதம் மாறவில்லை. கூடவே புதிய ஆபத்து ஒன்று சேர்ந்திருக்கிறது: அடுப்பு, கேஸ், பேட்டரி, மரப்பலகை, மெத்தை. பெரும்பாலான வடிவமைப்புகளில் சமையலறை வாசலுக்கு அருகில், கட்டில் வண்டியின் பின்கோடியில். சமையலறையில் தீப்பிடித்தால், படுத்திருப்பவருக்கும் வாசலுக்கும் நடுவில் நெருப்பு. பின் அவசரக் கதவு இருக்குமே என்றால், கட்டில் சட்டத்தையும் சாமான் பெட்டிகளையும் வைத்து அதை அடைத்த வண்டிகள்தான் அதிகம்.

ஆகவே என் முடிவு இது: கட்டிலுக்கு மேலே அல்லது அருகே உள்ள ஹேட்சை ஹேட்சாகவே விடுங்கள். 35 செ.மீ. ஃபேன் திறப்பின் வழியாக வளர்ந்த ஆள் வெளியேற முடியாது. இரண்டு ஹேட்ச் இருந்தால் முன்பக்கத்தில் உள்ளதைக் கழற்றி, நடுவில் 14 அங்குலத் திறப்பு வெட்டிய அலுமினியத் தகட்டைப் பொருத்தி ஃபேன் வைக்கலாம். கூரையில் புதிய வெட்டு மிச்சம். ஒரே ஹேட்ச்தான் என்றால் ஃபேனுக்குத் தனி ஓட்டை போடுவதே சரி.

அப்புறம், கட்டிலில் படுத்தபடி ஒரு இரவு விளக்கை அணைத்துவிட்டுக் கைப்பிடியைத் தேடித் திறந்து பாருங்கள். பல வருடம் திறக்காத ஹேட்சின் ரப்பர் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கைப்பிடியை மறைத்து மரப்பலகை அடித்திருந்தாலும், கொசுவலையைத் திருகு போட்டு முடுக்கியிருந்தாலும் அது வாசல் கணக்கில் சேராது.

காற்றை நகர்த்துவது எது?

சூடான காற்று மேலே போகும், அதனால் கூரையைத் திறந்தால் போதும் என்பது பரவலான நம்பிக்கை. பாதி உண்மைதான். எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை அந்த வெப்பத்தால் உண்டாகும் அழுத்த வேறுபாடுதான் தீர்மானிக்கிறது. வண்டிக்குள் 2 மீட்டர் உயரம், உள்ளேயும் வெளியேயும் 10 டிகிரி வித்தியாசம் என்றால் கிடைக்கும் அழுத்தம் சுமார் 0.8 பாஸ்கல். வெளியே வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் மிதமான காற்று வீசினால் அதன் அழுத்தம் சுமார் 15 பாஸ்கல். கிட்டத்தட்ட இருபது மடங்கு.

உயரமான கட்டடத்தில் இந்த மேலெழும் இழுவை நன்றாக வேலை செய்யும். இரண்டு மீட்டர் பேருந்தில் அது பலவீனமான வேலைக்காரன். காற்று வீசும் நாளில் ஹேட்சைத் திறந்தால் உள்ளே சுகமாக இருக்கும். காற்றே இல்லாத புழுக்கமான இரவில், அதாவது காற்றோட்டம் மிகவும் தேவைப்படும் நேரத்தில், திறந்த ஹேட்ச் பெரிதாக ஒன்றும் செய்யாது. கூரையில் ஃபேன் வேண்டும் என்பதன் நியாயம் இங்கேதான் இருக்கிறது.

நல்ல 14 அங்குல ஃபேன்களுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் உச்ச அளவு நிமிடத்துக்கு ஏறக்குறைய 900 கன அடி, அதாவது மணிக்குச் சுமார் 1500 கன மீட்டர். வீட்டுப் பகுதி 9 மீட்டர் நீளம், 2.3 மீட்டர் அகலம், 1.9 மீட்டர் உயரம் என்று வைத்தால் உள்ளே சுமார் 40 கன மீட்டர் காற்று இருக்கிறது. கணக்குப்படி இரண்டு நிமிடத்துக்குள் முழுக் காற்றையும் மாற்றிவிட வேண்டும். நடப்பதில்லை. ஏன் என்று பார்ப்போம்.

உள்ளே வரும் வழிதான் உண்மையான வரம்பு

ஃபேன் வெளியே தள்ளும் ஒவ்வொரு கன மீட்டர் காற்றுக்கும் இன்னொரு கன மீட்டர் எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். வழி சின்னதாக இருந்தால், ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் வெறும் சத்தம்தான்.

கணக்கைப் பாருங்கள். 60 செ.மீ. அகலமுள்ள ஒரு ஜன்னலை 5 செ.மீ. மட்டும் திறந்திருக்கிறீர்கள். திறப்பு 300 சதுர செ.மீ. அதன் வழியாக மணிக்கு 1500 கன மீட்டர் வர வேண்டுமென்றால் காற்று வினாடிக்கு 14 மீட்டர், அதாவது மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் அந்தச் சந்தில் பாய வேண்டும். அவ்வளவு அழுத்தத்தை உருவாக்க இந்த வகை ஃபேனால் முடியாது. அதே ஜன்னலை 25 செ.மீ. திறந்தால் 1500 சதுர செ.மீ. கிடைக்கும். 356 மி.மீ. ஃபேன் திறப்பின் பரப்பு சுமார் 1270 சதுர செ.மீ. தான். உள்வழி ஃபேன் திறப்பைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது, கொஞ்சம் பெரிதாக இருந்தால் நல்லது என்பதே பின்பற்ற வேண்டிய அளவு. கொசுவலை போட்டிருந்தால் இன்னும் கூட்டிக்கொள்ள வேண்டும். வலையில் தூசி படியப் படியக் காற்று குறையும்.

எவ்வளவு திறப்பு என்பதற்குச் சமமாக, எங்கே திறப்பு என்பதும் முக்கியம். ஃபேனுக்கு நேர் கீழே உள்ள ஜன்னலைத் திறந்தால் வெளிக்காற்று அந்த ஜன்னலில் நுழைந்து, இரண்டடி தூரம் போய், ஃபேன் வழியாகவே வெளியேறிவிடும். வண்டியின் மற்ற பகுதியில் பழைய காற்று அப்படியே நிற்கும். பேருந்து நீளமான குழாய் மாதிரி. ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறினால்தான் முழு நீளமும் கழுவப்படும். ஃபேன் சமையலறைப் பக்கம் என்றால் திறக்க வேண்டியது கட்டில் பக்கத்து ஜன்னல். முடிந்தால் வண்டியின் நிழல் பக்கம். வெயில் பட்ட பக்கத்தில் தகட்டை ஒட்டி நிற்கும் காற்றே சூடாக இருக்கும்.

சோதித்துப் பார்க்க ஒரு டிஷ்யூ தாள் போதும். விரல் அகலத்துக்குக் கிழித்து, ஃபேனை ஓட விட்டு, ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து அதன் ஓரத்தில் பிடியுங்கள். தாள் உள்பக்கம் படுத்தால் அந்த வழியாகக் காற்று வருகிறது. எல்லா ஜன்னலையும் திறந்துவைத்தால் தாள் எங்குமே லேசாகத்தான் அசையும். ஒன்றை மட்டும் திறந்தால் விறைத்து நிற்கும். படுக்கையில் காற்று முகத்தில் பட வேண்டுமென்றால், தலைமாட்டு ஜன்னலை மட்டும் திறந்து மற்றவற்றை மூடுவதுதான் வழி. தாளைக் கழிப்பறைக் கதவின் அடியிலும் சமையல் தொட்டியின் துளையிலும் பிடித்துப் பார்க்க மறக்க வேண்டாம். ஜன்னல்கள் மூடியிருந்தால் ஃபேன் அந்தத் துளை வழியாகவும் காற்றை இழுக்கும். கழிவுநீர்த் தொட்டியின் நாற்றம் உள்ளே வருகிறது என்று குழாயை மாற்றுகிறவர்கள் முதலில் ஒரு ஜன்னலைத் திறந்து பார்க்கலாம்.

இங்கேதான் மாற்றும் வேலையின் பெரிய பிழையும் நடக்கிறது. வெப்பம் தடுக்கிறோம் என்று பேருந்தின் பழைய ஜன்னல்களில் பாதியைத் தகடு போட்டு மூடிவிடுகிறார்கள். அது தவறல்ல. பேருந்து ஜன்னல்கள் ஒற்றைக் கண்ணாடி, ஓரமெல்லாம் ஒழுகும். ஆனால் மிச்சம் விட்ட ஜன்னல்களில் எத்தனை திறக்கக்கூடியவை, அவை எந்த முனையில் இருக்கின்றன என்று கணக்குப் பார்ப்பதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. பிறகு ஆளுக்கு இரண்டு ஃபேன் வாங்கிக் கூரையில் வைக்கிறார்கள். ஒன்றை வெளியே தள்ளவும் மற்றொன்றை உள்ளே இழுக்கவும் திருப்பினால் ஓரளவு ஈடு செய்யலாம். வெயிலில் மட்டும் அது உள்ளே இழுப்பது கூரையை ஒட்டிய சூட்டுக் காற்றை.

மூச்சுக்கு எவ்வளவு வேண்டும்?

வியப்பூட்டும் அளவுக்குக் கொஞ்சம்தான். வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. தூங்கும் ஒருவர் மணிக்கு ஏறக்குறைய 13 லிட்டர் வெளியிடுகிறார் என்று கொண்டால் இருவருக்கு 26 லிட்டர். 40 கன மீட்டர் வண்டியை முழுக்க மூடிவைத்தால் மணிக்கு 650 பங்கு ஏறும். ஒரு மணி நேரத்திலேயே, நல்ல உள்காற்றுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் 1000 பங்கு எல்லையைத் தாண்டிவிடும். காலையில் தலை பாரமாக இருப்பதற்கு இது ஒரு காரணம். அந்த எல்லைக்குள் வைத்திருக்கத் தேவை மணிக்கு 45 கன மீட்டர் புதுக்காற்று. ஃபேனின் உச்ச அளவில் 3 சதவீதம்! மிகக் குறைந்த வேகத்தில் ஓடும் ஃபேனும், ஜன்னலில் இரண்டு விரல் இடைவெளியும் போதும். அந்த வேகத்தில் ஃபேன் எடுக்கும் மின்சாரம் மிகச் சொற்பம். இரவு முழுக்க ஓடினாலும் பேட்டரிக்குச் சுமை தெரியாது.

தலையணையில் விழும் சொட்டு

குளிர்கால இரவு. மழை இல்லை. விடியற்காலையில் ஹேட்சுக்கு நேர் கீழே தலையணை நனைந்திருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் மூடியின் உள்பக்கத்தில் பட்டாணி அளவுச் சொட்டுகள். ஹேட்ச் ஒழுகுகிறது என்று ஏணி போட்டு ஏறி, ஓரம் முழுக்க சீலன்ட் பூசிவிடுகிறோம். மறுநாளும் தலையணை ஈரம்.

அந்த நீர் வெளியிலிருந்து வரவில்லை. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17.3 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரியில் 9.4 கிராம். 0 டிகிரியில் 4.8 கிராம்தான். 20 டிகிரியில், 60 சதவீத ஈரப்பதத்தில் இருக்கும் காற்று 12 டிகிரி உள்ள பரப்பைத் தொட்டதுமே வியர்க்கத் தொடங்கும். ஹேட்சின் மூடி ஒற்றைத் தகடு அல்லது ஒற்றை பிளாஸ்டிக். வண்டியிலேயே மிகக் குளிர்ந்த பரப்பு அது. சூடான ஈரக்காற்று தேங்குவதும் அதன் கீழேதான்.

ஈரம் எங்கிருந்து?

1. மூச்சும் வியர்வையும். தூங்கும் இருவர் மணிக்குச் சுமார் 80 கிராம் நீராவி விடுகிறார்கள். 40 கன மீட்டர் காற்று பாதி ஈரத்தில் தொடங்கினால், மேலும் 350 கிராம் சேர்ந்ததும் நிறைந்துவிடும். நாலரை மணி நேரக் கணக்கு. குளிர்ந்த பரப்புகள் அதற்கு வெகு முன்பே வியர்க்கும்.

2. கேஸ் அடுப்பு. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீர் உருவாகிறது. பாத்திரத்தில் கொதிப்பது தனி. புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டரை வண்டிக்குள் வைத்துக் குளிர் காய்வது, சூட்டோடு சேர்த்து நீரையும் சுவரில் அடிப்பது போன்றது. எரிந்த காற்று வெளியே போகும் டீசல் ஹீட்டர் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல்.

3. குளியல், ஈரத் துணி, நாயின் ரோமம், நனைந்த காலணி.

ஒழுகலா வியர்வையா என்று பிரித்தறிவது எளிது. மூடியின் உள்பக்கத்தைத் துடைத்துக் காய வைத்து, சட்டத்தின் நான்கு ஓரத்திலும் டிஷ்யூ தாளை ஒட்டிவையுங்கள். மழையில்லாத குளிர் இரவில் மூடியின் நடுவில் சொட்டு கட்டினால் அது வியர்வை. பகலில் வெளியே தண்ணீர் அடிக்கும்போது ஓரத்துத் தாளில் ஒரு மூலை மட்டும் நனைந்தால் அது ஒழுகல். வியர்வைக்கு மருந்து இரண்டு: இரவு முழுக்க ஃபேன் மெதுவாக ஓடுவது, மூடிக்கு உள்பக்கமாக, இழுத்தால் கையோடு வரும்படி ஒரு வெப்பத்தடுப்பு மெத்தையைச் செருகுவது. காந்தத்தாலோ வெல்க்ரோவாலோ நின்றால் போதும். திருகு வேண்டாம், அவசரத்துக்குக் கழற்ற வேண்டியிருக்கும்.

பேருந்தின் எஃகு வளைவுச் சட்டங்களும் இதே போல வியர்க்கும். உள்பலகைக்குப் பின்னால் நடப்பதால் அது கண்ணில் படாது. சில வருடம் கழித்துத் துருவாக வெளிவரும்.

வெயிலில் ஃபேனால் எவ்வளவு முடியும்?

ஃபேன் குளிரூட்டாது. வெளி வெப்பத்தை நோக்கி உள் வெப்பத்தை இறக்க முயலும், அவ்வளவுதான். மணிக்கு 1500 கன மீட்டர் உண்மையாகவே ஓடினால், உள்ளே வெளியைவிட ஒரு டிகிரி கூடுதலாக இருக்கும்போது அது சுமார் 500 வாட் வெப்பத்தை வெளியே எடுத்துப் போகும். கூரை வழியாக 3000 வாட் உள்ளே இறங்கினால், உள்ளே வெளியைவிட 6 டிகிரி கூடுதலாக நிற்கும். ஃபேன் பாதி அளவே ஓடினால் 12 டிகிரி. ஆகவே இரண்டாவது ஃபேனுக்குப் போகும் முன் கூரைக்கு வெள்ளைப் பெயின்ட் அடிப்பதும், கூரைத் தகட்டின் கீழ் வெப்பத்தடுப்பு வைப்பதும்தான் நிஜமான வேலை. தெளிந்த பிளாஸ்டிக் மூடியுள்ள ஃபேன் வெயிலையும் நேராக உள்ளே விடும். புகை நிற மூடி நல்லது.

உறிஞ்சும் ஃபேன் கொண்டுவரும் ஆபத்து

இந்தப் பகுதியை மட்டும் ஒருமுறைக்கு இரண்டுமுறை படிக்கக் கேட்டுக்கொள்கிறேன். வெளியே தள்ளும் ஃபேன் வண்டிக்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது. காற்று எந்த வழி கிடைத்தாலும் உள்ளே வரும். அந்த வழி நல்ல வழியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை.

1. விறகு அடுப்பு. சின்ன அடுப்பின் புகைபோக்கி இழுப்பது பத்து இருபது பாஸ்கல் அளவில்தான். தணல் ஆறிக்கொண்டிருக்கும்போது அதைவிடக் குறைவு. ஜன்னல்களை மூடிவிட்டு ஃபேனைப் போட்டால் புகைபோக்கியே உள்வழியாக மாறலாம். தணலிலிருந்து வருவது புகையாகக்கூடத் தெரியாது. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு அது. இரத்தத்தில் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். அடுப்பு எரியும்போது கூரை ஃபேனை வெளியே தள்ளும் திசையில் ஓட்டுவதானால், அடுப்புக்கு அருகே ஒரு ஜன்னல் கட்டாயம் திறந்திருக்க வேண்டும்.

2. ஓடும் வண்டியின் பின்பக்கம். பேருந்து ஓடும்போது அதன் தட்டையான பின்பக்கத்தில் காற்று சுழன்று அழுத்தம் குறையும். எஞ்சின் புகை அங்கேயே சுற்றும். திறந்த கூரை ஹேட்ச் உள்ளிருந்து காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். பின்கதவின் ரப்பர் நைந்திருந்தால் அந்தப் புகை நேராகப் படுக்கையறைக்கு வரும். ஓட்டும்போது காற்று வேண்டுமென்றால் முன்பக்கத்து ஜன்னல் ஒன்று திறந்திருக்கட்டும். பின்பக்கம் எதுவும் திறக்க வேண்டாம்.

3. ஜெனரேட்டர். வண்டிக்கு அடியிலோ பக்கத்திலோ ஓடும் ஜெனரேட்டரின் புகை, தரையில் கம்பிக்கும் குழாய்க்கும் போட்ட ஓட்டைகள் வழியாக ஏறும். அடைக்காமல் விட்ட ஒவ்வொரு ஓட்டையும் ஃபேனுக்கு ஒரு உள்வழி.

அலாரங்களை வைக்கும் உயரமும் இதோடு சேர்ந்தது. கார்பன் மோனாக்சைடின் அடர்த்தி கிட்டத்தட்டக் காற்றின் அடர்த்தியே. அதற்கான அலாரம் படுக்கைக்கு அருகே, மூச்சு விடும் உயரத்தில். புகை அலாரம் கூரையில். கேஸ் அலாரம் தரையை ஒட்டி, ஏனென்றால் புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கும் பியூட்டேன் இரு மடங்கும் கனம்.

கூரையில் எத்தனை ஹேட்ச் இருந்தாலும் கசிந்த கேஸ் அந்த வழியாகப் போகாது என்பதையும் இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். அது தரையில் குளம் போலத் தேங்கும். அதனால்தான் கேஸ் சிலிண்டர் பெட்டியிலும் கேஸ் சாதனங்களின் அருகிலும் தரையில் துளை விடுகிறார்கள். மூடவே முடியாத நிரந்தரக் காற்றுவழிகள் மேலேயும் கீழேயும் வேண்டும் என்று, தங்கும் வண்டிகளுக்கான ஐரோப்பியத் தரம் இ.என். 721 சொல்கிறது. குளிருக்குப் பயந்து இந்தக் கீழ்த்துளைகளை அடைப்பது போல ஆபத்தான சிக்கனம் வேறில்லை.

எங்கே வெட்டுவது, எப்படி அடைப்பது

பேருந்தின் கூரை வெறும் தகடு அல்ல. தரையிலிருந்து ஒரு பக்கமாக ஏறி, கூரையைத் தாண்டி மறுபக்கம் இறங்கும் வளைவுச் சட்டங்கள்தான் அதன் எலும்பு. அமெரிக்கப் பள்ளிப் பேருந்துகள் 1977 முதல், தங்கள் வெற்று எடையைப் போல ஒன்றரை மடங்கு சுமையைக் கூரையில் தாங்க வேண்டும். கூரை 130 மி.மீ.க்கு மேல் அமுங்கக் கூடாது. எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 220 விதி அது. ஒரு சட்டத்தை வெட்டினால் இந்தப் பலம் உடைகிறது. 356 மி.மீ. திறப்பு பொதுவாக இரு சட்டங்களுக்கு நடுவே அடங்கிவிடும். பெரிய கூரை ஜன்னல் பல வண்டிகளில் அடங்காது. அப்படியானால் அந்த ஜன்னலை விட்டுவிடுவதே என் ஆலோசனை. ரிவெட் வரிசையைப் பார்த்தால் சட்டம் எங்கே ஓடுகிறது என்று வெளியிலிருந்தே தெரியும்.

சோலார் பலகைகளின் இடத்தையும் முன்கூட்டியே வரைந்துகொள்ளுங்கள். திறந்து நிற்கும் மூடியின் நிழல் பலகையின் ஒரு மூலையில் விழுந்தாலே மின் உற்பத்தி விழும்.

வேலை முறை:

1. உள்ளிருந்து நடுவில் சின்னத் துளை போட்டு மேலே வந்து அளந்து பாருங்கள். அப்புறம் வெட்டுங்கள்.

2. வெட்டும்போது பறக்கும் இரும்புத் தூளைப் பிடிக்க உள்ளே பிளாஸ்டிக் விரிப்பு கட்டுங்கள். கூரையில் விழுந்ததைக் காந்தத்தால் பொறுக்கி எடுங்கள். விட்டுவிட்டால் முதல் மழைக்கே வெள்ளைப் பெயின்டில் மிளகுப்பொடி தூவியது போலத் துருப் புள்ளிகள் வரும். ஒவ்வொன்றும் கீழே பெயின்டைத் தின்னும்.

3. வெட்டிய ஓரத்தை அரத்தால் மழுக்கி, துத்தநாக பிரைமர் அடித்து, பெயின்ட் பூசி, காய விடுங்கள். அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடும் படி இது.

4. ஃபேனின் சட்டம் தட்டை, பேருந்தின் கூரை வளைவு. வைத்துப் பார்த்தால் இரு ஓரத்திலும் இடைவெளி தெரியும். அதை சீலன்ட் கொட்டி நிரப்பாதீர்கள். வளைவுக்கு ஏற்ப இழைத்த பிளாஸ்டிக் அல்லது அலுமினிய அடிச்சட்டம் வையுங்கள். மரம் உளுத்துவிடும். அலுமினியம் எஃகுத் தகட்டை நேராகத் தொடாமல் நடுவில் பெயின்டும் டேப்பும் இருக்கட்டும். இரு உலோகமும் ஈரத்தில் ஒட்டியிருந்தால் அரிப்பு வரும்.

5. சட்டத்தின் அடியில் பியூட்டைல் டேப் (ரப்பர் போன்ற ஒட்டும் நாடா), மேலே திருகுத் தலைகளையும் ஓரத்தையும் மூட கூரை சீலன்ட். தானாகப் பரவும் வகை, சமமான நடுக்கூரைக்கு மட்டும். சரிவில் அது வழிந்து ஓடிவிடும், அங்கே வழியாத வகை வேண்டும். சாதாரண சிலிகானைத் தவிர்த்துவிடுங்கள். ஒருமுறை பூசிய இடத்தில் அடுத்து எதுவும் ஒட்டாது, அடுத்தமுறை சிலிகான்கூட.

மூடியின் கீல் வண்டியின் முன்பக்கம் இருக்க வேண்டும். மறந்துபோய்த் திறந்தபடி ஓட்டினால், எதிர்க்காற்று மூடியை அமுக்கி மூடப் பார்க்கும். கீல் பின்பக்கம் என்றால் அதே காற்று மூடியைப் பிய்த்தெடுத்துப் பின்னால் வருகிற வண்டியின் மேல் வீசும். மழையிலும் திறந்திருக்கும்படி தொப்பி வைத்த ஃபேன்கள் விலை கூடுதல், உயரமும் கூடுதல். ஆனால் மழை பெய்யும் குளிர் இரவில்தான் வண்டிக்குள் ஈரம் மிக அதிகம் என்பதால், ஒரே ஃபேன் வாங்குகிறவர்கள் அதற்கே செலவு செய்யலாம்.

கடைசியாகத் தண்ணீர்ச் சோதனை. ஒருவர் உள்ளே டார்ச் லைட்டோடு நிற்க, இன்னொருவர் ஹோஸ் பைப்பால் கூரையை நனைக்க வேண்டும். எடுத்த எடுப்பில் ஹேட்சின் மேல் அடிக்காமல், சட்டத்தின் கீழோரத்தில் தொடங்கி, ஒவ்வொரு ஓரத்திலும் ஐந்து நிமிடம் விட்டு, மெல்ல மேலே ஏறுங்கள். வண்டியின் முன்பக்கத்தைச் சற்றே இறக்கி நிறுத்தி ஒருமுறை, பின்பக்கத்தை இறக்கி நிறுத்தி ஒருமுறை. சரிவு மாறும்போது நீர் தேங்கும் ஓரமும் மாறும். இதை உள்பலகை அடிப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். பலகை அடித்த பிறகு என்றால், ஹேட்சில் இறங்கும் நீர் வளைவுச் சட்டத்தோடு ஓடி, ஆறடி தள்ளி அலமாரிக்குள் சொட்டும்.